நல்ல நேரத்தில் நின்ற சங்கிலி

பிளாக்செயின் என்றால் என்னவென்று சரியாகத் தெரியாமலேயே அதை அமைத்துத் தருவதாக ஒரு காதுகுத்து விருந்தில் வாக்குக் கொடுத்தவன் நான். வாயில் கறித்துண்டு இருந்தது என்பதை ஒரு சாக்காகச் சொல்லலாம். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் நான் மென்று விழுங்கி முடிக்கும்வரை காத்திருந்துதான் கேட்டார்கள். என் பேச்சுக்காக அத்தனை பேர் இலையில் கைவைத்தபடி காத்திருந்தது என் வாழ்நாளில் அதுதான் முதல்முறை. அந்த மயக்கத்தில் சொல்லிவிட்டேன்: "அது ஒண்ணும் பெரிய வேலையில்ல. ஒரு வாரத்துல போட்டுரலாம்."

கேட்டது என் மச்சான். அனுமந்தன்பட்டியில் என் அக்காவைக் கட்டியவர், திராட்சைத் தோட்டக்காரர். அவரும் சுற்றுவட்டாரத் தோட்டக்காரர்களும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். துபாயில் பழம் வாங்கி விற்கும் ஒரு கம்பெனி அந்தக் குழுவின் பழத்தைக் கேட்டிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. எந்தக் கொடிக்கு, எந்த மருந்தை, என்றைக்கு அடித்தோம் என்பதை அன்றன்றே பதிய வேண்டும். பதிந்த பிறகு பதிந்தவனே நினைத்தாலும் மாற்ற முடியாதபடி அது இருக்க வேண்டும். அவர்கள் அனுப்பிய கடிதத்தில் அதற்கு பிளாக்செயின் என்று பெயர் போட்டிருந்தது.

மச்சானுக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். இங்கே வியாபாரி தோட்டத்துக்குள் வரும்போதே பிடிக்காத பெண்ணைப் பார்க்க வந்தவன் மாதிரிதான் வருவான். கொத்தைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான். வெட்டுகிற நாளையும் அவன்தான் குறிப்பான். குறித்த நாளில் வரமாட்டான். அதற்குள் ஒரு மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும். வெடித்த பிறகு வந்து, வெடித்த பழத்துக்கு விலை சொல்வான். தன்னிடம் 'எப்ப வெட்டலாம்' என்று கேட்கிற ஒருத்தருக்கு ஒரே ஒரு முறையாவது பழம் விற்றுப் பார்க்க வேண்டும் என்பது மச்சானின் ஆசை. அந்த ஆசையில், குழுக்கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் "எம் மாப்ள இருக்கான், அவன் பாத்துக்கிருவான்" என்று வேறு சொல்லிவிட்டு வந்திருந்தார்.

மாப்பிள்ளையின் தகுதி என்னவென்றால், சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பல வருடம் குப்பை கொட்டியது. அதில் பிற்பாதி முழுக்கக் கூட்டங்களில் உட்கார்ந்து தலையாட்டிய அனுபவம். பிறகு உத்தமபாளையத்துக்கு வந்து செட்டிலாகி, மீதி நேரத்தில் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன். ரோமாபுரி ஏன் விழுந்தது என்று தெரிந்தவனுக்கு இது தெரியாமலா போகும் என்றொரு தைரியம்.

படித்துப் பார்த்தால் விஷயம் எளிதாகத்தான் இருந்தது. ஒரே கணக்கை ஒருத்தர் வீட்டில் வைத்திருந்தால் அவர் திருத்திவிடுவார். நாலு பேர் வீட்டில் நாலு நகல் இருந்தால்? புதிதாக ஒரு பக்கம் சேர்க்க வேண்டுமானால் நாலில் மூன்று பேராவது ஒத்துக்கொள்ள வேண்டும் என்று வைத்தால்? எழுதிய பக்கத்தை ஒருத்தர் மாற்றினால் மற்ற மூன்று நகலும் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த நகலை வைத்திருந்து சம்மதம் சொல்கிற கம்ப்யூட்டருக்கு வேலிடேட்டர் என்று பெயர். டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி. என் வீட்டில் ஒன்று, மச்சான் வீட்டில் ஒன்று, மார்க்கையன்கோட்டையில் குழுத் தலைவியம்மா வீட்டில் ஒன்று. நாலாவதை சின்னமனூர் உரக்கடைக்காரரிடம் வைப்பது என்று முடிவு. அவர் தோட்டக்காரர் இல்லை, மருந்து விற்பவர். அவரும் ஒரு நகல் வைத்திருந்தால் நம்பிக்கை கூடும் என்று துபாயில் சொன்னார்கள்.

ஒரு வாரம் என்று சொன்னேன் இல்லையா? பெட்டிகளை ஒன்றையொன்று அடையாளம் காணவைக்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்தச் சங்கிலிக்கு ஜெனிசிஸ் என்று ஒரு தொடக்கக் கோப்பு உண்டு. எல்லாப் பெட்டியிலும் அது எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மச்சான் பெட்டியில் ஏதோ ஒரு எண்ணை நான் மாற்றிப் போட்டுவிட்டேன். அது யாரோடும் சேராமல், தனியாக, தானே ஒரு சங்கிலி என்கிற நினைப்பில் உட்கார்ந்திருந்தது. நான் இங்கே என் வீட்டில் உட்கார்ந்து 'இணைந்துள்ளவர்கள்: பூஜ்யம்' என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை என் கோப்பில் இருந்தது. நான் திட்டியதெல்லாம் கேபிள்காரரை. அவர் பாவம், இரண்டு முறை வந்து ரவுட்டரை மாற்றிவிட்டுப் போனார்.

அதைச் சரிசெய்த பிறகு மார்க்கையன்கோட்டை வராது. அது வந்தால் அனுமந்தன்பட்டியில் கரண்ட் போகும். கரண்ட் வந்ததும் பெட்டி தானாக எழுந்திருக்க வேண்டும், எழாது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய் பொத்தானை அமுக்குவேன். அக்கா காபி கொடுப்பாள். "இதுக்கா அங்கனருந்து வந்த?" என்பாள். திரும்பி வீட்டுக்கு வந்து பார்த்தால் என்னுடையது நின்றிருக்கும்.

மூன்று பெட்டியும் ஒருவழியாக ஒன்றுசேர்ந்து ஓடத் தொடங்கின. அடுத்து உரக்கடைக்காரரைச் சேர்க்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் அழகே அதுதான் என்று நான் படித்த கட்டுரைகள் எல்லாம் சொல்லின. புதியவரை யாரும் தன்னிஷ்டத்துக்குச் சேர்த்துவிட முடியாது. இருப்பவர்களில் பாதிக்கு மேல் ஓட்டுப் போட்டால்தான் அவர் உள்ளே வரலாம். மூன்று பேரில் இரண்டு பேர். எல்லோருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று செல்போனில் 'சம்மதம்' என்று ஒரு பொத்தான் செய்து கொடுத்தேன். என் ஓட்டைப் போடவில்லை. ஏற்பாட்டைச் செய்தவனே முந்திக்கொண்டு ஓட்டுப் போட்டால் நன்றாக இருக்காது என்று ஒரு நாகரிகம்.

மச்சானும் போடவில்லை. கேட்டால், குழுத் தலைவி அவுக இருக்கையில் நான் முந்திக்கிட்டுப் போடுறது முறையில்லை என்றார். தலைவியம்மாவைக் கேட்டேன். இந்த துபாய் விஷயத்தைக் கொண்டுவந்ததே உன் மச்சான், அவுக போடாம நான் எப்படித் தம்பி போடுறது என்றார். உரக்கடைக்காரர்மேல் எதுவும் வருத்தமா என்று இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டேன். சேச்சே, தங்கமான மனுசன் என்றார்கள் இரண்டு பேரும். எதிர்ப்பே இல்லாத ஒரு தீர்மானம் இப்படித்தான் நாள்கணக்கில் அந்தரத்தில் தொங்கியது. நான் படித்த கட்டுரைகளில் எதிரிகளைப் பற்றி நிறைய எழுதியிருந்தார்கள். பொய்யர்கள், திருடர்கள், ஊடுருவிகள் எல்லோரையும் சமாளிக்க வழி இருந்தது. மரியாதைக்காரர்களைச் சமாளிக்க ஒரு வரிகூட இல்லை.

கடைசியில் இருவரையும் ஒரே அழைப்பில் சேர்த்து, நான் மூன்று எண்ணியதும் சேர்ந்தே அமுக்குங்கள் என்றேன். எண்ணினேன். அமைதி. அவர் அமுக்கியது தெரியட்டும் என்று இவரும், இவர் அமுக்கட்டும் என்று அவரும் காத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதிக்குள் அக்கா மச்சானிடம் கேட்டது எனக்குக் கேட்டது: "போனைக் கையில வச்சிக்கிட்டு எதுக்குச் செலையா நிக்கிறீக?" விவரத்தை அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் விரலை நீட்டி அமுக்கிவிட்டாள். அடுத்த நொடி மார்க்கையன்கோட்டையும் அமுக்கியது. உரக்கடைக்காரர் வேலிடேட்டர் ஆனார். அவருக்குச் செய்தி சொன்னபோது, இதுக்கு ஜிஎஸ்டி உண்டா என்று கேட்டார்.

நாலு பெட்டியும் சேர்ந்து ஓடின. மருந்து அடித்த விவரங்கள் பதிவாகத் தொடங்கின. துபாய் கம்பெனியில் இந்த வேலைக்கென்றே ஒரு அம்மையார் இருந்தார். அவர் கடைசி சோதனைக்கு நாள் குறித்தார். அவர்கள் பக்கத்திலிருந்து ஐந்தாவதாக ஒரு வேலிடேட்டரைச் சேர்க்க வேண்டும்; அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாங்கள் ஓட்டுப் போட வேண்டும்; சங்கிலி நிற்காமல் ஓடுவதை அவர் கண்ணால் காண வேண்டும். காலை பதினொரு மணி. இது சரியாக நடந்தால் இந்த வெட்டுப் பழத்தை எடுப்பார்கள். நடக்காவிட்டால் வேறு ஊர்ப் பழம். மச்சான் கொடியில் காய் அப்போது நிறம் திரும்பிக்கொண்டிருந்தது.

அந்த அம்மையார் குறித்த நாள் ஆயுத பூஜை. எனக்குத் தெரிந்தேதான் சம்மதித்தேன். இன்னும் சொன்னால், சந்தோஷமாகச் சம்மதித்தேன். விடுமுறை நாள். யாரும் வெளியூர் போகமாட்டார்கள். எல்லோரும் வீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பார்கள். இதைவிட நல்ல நாள் கிடைக்குமா?

அன்று காலை என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு என் அறைக்கு வந்தாள். பெட்டியைப் பூஜையில் வைக்கலாமா என்று கேட்டாள். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை ஏன் நிறுத்தக் கூடாது என்று அவளுக்கு ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். பகுத்தறிவு என்ற சொல்லை இரண்டு இடத்தில் பயன்படுத்தினேன். அவள் கிண்ணத்தோடு போய் மிக்சிக்கும் தையல் மிஷினுக்கும் பொட்டு வைத்தாள்.

ஒன்பதரை வாக்கில் திரையைப் பார்த்தேன். மச்சான் பெட்டி இல்லை. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மார்க்கையன்கோட்டை போனது. அப்புறம் சின்னமனூரும். என் பெட்டி மட்டும் தன்னந்தனியாக நின்று மற்ற மூன்றையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நாலில் மூன்று வேண்டும், இருந்தது ஒன்று. சங்கிலி நின்றுவிட்டது.

மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், பெட்டி நின்னு போச்சு. கரண்ட் இல்லையா?"

"கரண்ட் இருக்கு மாப்ள. நாந்தான் அணைச்சேன். பூசையில வச்சிருக்கோம்ல."

மோட்டார் ஸ்டார்ட்டர், மருந்தடிக்கும் மிஷின், கவாத்துக் கத்தரி, அரிவாள் இவற்றோடு சங்கிலிப் பெட்டியையும் வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டாகிவிட்டது. வருசத்தில் ஒரு நாள் ஆயுதத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் இல்லையா? அது எப்படி மூன்று பேரும் ஒரே நேரத்தில் அணைத்தீர்கள் என்று பிறகு விசாரித்தேன். யாரும் யாரிடமும் பேசவில்லை. மூன்று வீட்டுச் சுவரிலும் தேதி கிழிக்கிற காலண்டர்தான் தொங்கியது. அன்றைய தாளில் நல்ல நேரம் ஒன்பதே காலிலிருந்து போட்டிருந்தது. ஒரு இடத்தில் கோளாறு வந்தாலும் இன்னொரு இடம் காப்பாற்றும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் ஆணிவேர். ஊரெல்லாம் ஒரே காலண்டர் தொங்கும் என்று அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

உரக்கடைக்காரர் கடைக்குப் பூசை போட்டு, மெயினை இறக்கி, ஷட்டரைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு சுருளிக்குப் போய்விட்டார். அருவியில் நிற்பவருக்குப் போன் எப்படிக் கேட்கும்? தலைவியம்மா எடுத்தார். பூசையில வச்சத மறுபூசை போடாம தொடக் கூடாது தம்பி, நாளைக்குக் காலையில மொத வேலையா எடுத்துர்றேன் என்று, அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்.

பதினொரு மணிக்கு அம்மையார் அழைப்பில் வந்துவிட்டார். அவர் பெட்டி வெளியிலிருந்து எங்கள் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. சங்கிலியின் கடைசிப் பக்க எண் நகரவில்லை. ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு மறுபடி மச்சானைக் கூப்பிட்டேன். அவரும் தலைவியம்மாவும் பெட்டியைப் போட்டால் என்னோடு மூன்று ஆகிவிடும். அவர் போட்டால் தலைவியம்மாவையும் சம்மதிக்க வைக்கலாம்.

"மச்சான், இது உங்க யாவாரம். அந்தம்மா லைன்ல காத்துக்கிட்டு இருக்காக. ஒரு பத்து நிமிசம் போட்டுட்டு மறுபடி அணைச்சிருங்க. சாமிக்குத் தெரியாது."

மறுபக்கம் டிவியில் ஓடிய பட்டிமன்றத்தின் சத்தத்தை அவர் குறைத்தார்.

"யாவாரம்னு தெரியாம இல்ல மாப்ள," என்றார். தோட்டத்தில் ஆள் கூப்பிடுகிற குரல் அவருடையது. அன்று அது கைக்குள் அடங்குகிற அளவுக்குச் சிறுத்திருந்தது. "அந்த மருந்தடிக்கிற மிஷினு வச்சுத்தான் இத்தன வருசம் கஞ்சி குடிச்சேன். இந்தப் பெட்டியையும் அதுக்குப் பக்கத்துல வச்சிட்டேன். இப்ப இத மட்டும் கையப் போட்டு எடுத்தா அது என்னவோ மாதிரி இருக்கு. ஒரு நா நிப்பாட்டுனதுக்குப் போற யாவாரம்னா, போகட்டும்."

பின்னால் அக்கா, அவன வந்து பொரிகடலை வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க என்றாள்.

அம்மையாரிடம் தொழில்நுட்பக் கோளாறு என்றேன். அவர் நல்லவர், சரி என்று வைத்துவிட்டார். சாயங்காலம் ஒரு மெயில் வந்தது. மிக மரியாதையான ஆங்கிலம். மூன்று ஊர்களில், மூன்று தனித்தனி ஆட்களுக்குச் சொந்தமான மூன்று பெட்டிகள் அரைமணி நேரத்துக்குள் அடுத்தடுத்து நின்றிருக்கின்றன. நாலாவது, அதாவது என்னுடையது, மட்டும் ஓடியிருக்கிறது. இவை உண்மையில் தனித்தனி ஆட்களின் கையில்தான் இருக்கின்றனவா, அல்லது ஒரே நபர் எல்லாவற்றையும் இயக்குகிறாரா என்பதைத் தெளிவுபடுத்த முடியுமா?

திருடன் என்று நேராகச் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். யோசித்துப் பார்த்தால் அந்த அம்மையாரின் இடத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். மூன்று மாதமாக மனிதர்களை நம்பத் தேவையில்லாத ஒரு ஏற்பாட்டைக் கட்டி, அதன் முடிவில் நான் மட்டும் நம்பத்தகாதவனாக நின்றேன். மச்சானிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனது அவர் வியாபாரம். போகிற வழியில் அவர் மாப்பிள்ளை நாலு பெட்டி வைத்து ஏமாற்றியவன் என்று பெயரும் எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

மறுநாள் மறுபூஜை முடிந்து மூன்று பெட்டியும் எழுந்தன. சங்கிலி எழவில்லை. விசாரித்ததில், என் பெட்டி முந்தின நாள் முழுக்கக் காத்திருந்து காத்திருந்து, ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய்விட்டது. மற்றவர்கள் வந்து கூப்பிட்டால்கூடத் திரும்பாத நிலையில் இருந்தது. அதையும் ஒரு முறை அணைத்துப் போட வேண்டும். அணைக்கும்போது மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். "நேத்தே அணைச்சிருந்தா எல்லாரோடயும் சேந்து எந்திரிச்சிருக்கும்ல" என்றாள். அவள் சொன்னது சரி.

அம்மையாருக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தேன். முதல் வடிவம் ஆயுத வழிபாட்டின் வரலாறாக இரண்டு பக்கம் ஓடியது. அழித்தேன். கடைசியில் எழுதியது இவ்வளவுதான்: வருடத்தில் ஒரு நாள் எங்கள் கருவிகளுக்குப் பூசை செய்து ஓய்வு கொடுப்போம், நேரத்தை எல்லோரும் ஒரே காலண்டரில் பார்த்தோம். படித்துப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

படம் எதுவும் இருக்கிறதா என்று பதில் வந்தது.

இருந்தது. வேறு வழியில்லாமல் மச்சானிடம் மெயில் விவரத்தைச் சொல்லிக் கேட்டபோதுதான் தெரிந்தது: மூன்று பேரும் அன்று காலையே வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டு, குழுவிலும் போட்டிருக்கிறார்கள். மற்றவர்களின் ஸ்டேட்டஸையும் குழுவில் வரும் படங்களையும் பார்ப்பதில்லை என்பதை நான் ஒரு கொள்கையாக வைத்திருக்கிறேன். பார்த்திருந்தால் யாருக்கும் போன் போடாமலே எனக்கு விஷயம் தெரிந்திருக்கும். மச்சான் வீட்டுப் பெட்டிக்கு அதைவிடப் பெரிய செவ்வந்தி மாலை. மார்க்கையன்கோட்டையில் வாழை இலையில், தலைவியம்மாவின் களைக்கொத்துக்கும் பேத்தியின் கணக்குப் புத்தகத்துக்கும் நடுவில். உரக்கடையில் மருந்து டப்பாக்களுக்கு மேலே, எலுமிச்சம்பழம் கட்டி, சீரியல் லைட் சுற்றி. நாலாவதாக, மேஜையில் ஒன்றுமில்லாமல் மொட்டையாக இருக்கும் என் பெட்டியையும் படமெடுத்து அனுப்பினேன். இத்தனை விதமான ரசனை ஒரே ஆளிடம் இருக்க வாய்ப்பில்லை என்று அந்த அம்மையாருக்கும் தோன்றியிருக்க வேண்டும். நாலும் தனித்தனிக் கைகளில் இருப்பதை ஏற்றுக்கொள்வதாக எழுதினார். நாலாவது மட்டும் ஏன் அலங்கரிக்கப்படவில்லை என்று கேட்டிருந்தார்.

ஐந்தாவது வேலிடேட்டர் சேரவே இல்லை. அந்தப் படங்கள் தந்த நம்பிக்கையில் அவர்கள் ஆள் ஒருத்தர் நேரே தோட்டத்துக்கு வந்தார். கொத்துகளை வெட்டிப் பரிசோதனைக்கு எடுத்துப்போனார். முடிவு நன்றாக வந்தது. மருந்து விவரத்தை இப்போதைக்குத் தாளில் எழுதிப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினால் போதும், சங்கிலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். 'எப்ப வெட்டலாம்' என்று மச்சானிடம் கேட்டார்கள். அந்தக் கேள்வி வந்த அழைப்பை அவர் ஸ்பீக்கரில் போட்டு அக்காவையும் கேட்கவைத்தார்.

வெட்டு நாளில் நானும் போயிருந்தேன். பழத்தை அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் கேட்காத என் சங்கிலி, நாலு வீட்டிலும் கரண்டைக் குடித்துக்கொண்டு அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மட்டும் அது நிற்காமல் இருந்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது என்று மச்சானிடம் புலம்பினேன். அவர் ஒரு கொத்தைத் திருப்பி, கெட்ட பழம் ஒன்றைக் கத்தரியால் எடுத்துப்போட்டார்.

"அன்னிக்கு ஓடியிருந்தா," என்றார், "நாலும் நாலு ஆளு வச்சிருக்கோம்னு அந்தம்மாவுக்கு என்னத்த மாப்ள காட்டியிருப்ப?"